எங்கே கடித்தது என்று கேட்பவர்களுக்கு

என் லாத்தாவைக் கொன்றது ஓர் உண்ணி என்று சொன்னால் சிங்கப்பூர்த் தேக்காவில் யாரும் சட்டென்று நம்புவதில்லை. லாத்தா என்றால் அக்கா. எங்கள் குடும்பங்களில் அப்படித்தான் கூப்பிடுவோம். கேட்பவர்கள் முதலில் முகத்தைச் சுளிப்பார்கள். "உண்ணியா? நாய் மேல இருக்குமே, அதுவா?" என்பார்கள். ஆமாம், அதற்கு ஒன்றுவிட்ட சொந்தம் என்று நான் சொல்லி முடிப்பதற்குள் அடுத்த கேள்வி வந்து நிற்கும். "எங்க கடிச்சது?"

எல்லாரும் கேட்டுவிட்டார்கள். மருத்துவர்கள் கேட்டார்கள். லாத்தாவின் கணவர், என் மச்சான், அழுதுகொண்டே கேட்டார். எதிர்க்கடையில் கைப்பேசி பழுது பார்ப்பவர் கேட்டார். அடக்கம் முடிந்து கையில் ஒட்டிய மண்ணைத் தட்டிவிடும் முன்பே தூரத்து உறவுக்காரர் ஒருவர் கேட்டார். அவரை அங்கேயே ஒரு தள்ளு தள்ளலாமா என்று இருந்தது எனக்கு. எங்களைப் பெற்ற உம்மா மட்டும் கேட்கவே இல்லை. வயதாகிவிட்டது, உண்ணி, வைரஸ் என்பதெல்லாம் அவருக்கு விளங்கவில்லை போலும் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

எனக்குச் சிராங்கூன் சாலையிலிருந்து உள்ளே திரும்பும் ஒரு சந்தில் கடை. வாப்பா விட்டுப் போனது. அவர் காலத்தில் கைலியும் துண்டும் விற்றோம். இப்போது பெரும்பாலும் தூடோங் என்கிற முக்காட்டுத் துணி. கண்ணாடி முன் நின்று பெண்கள் ஒவ்வொரு நிறமாகத் தலையில் சுற்றிப் பார்ப்பார்கள், நான் பின்னால் நின்று மடிப்பைச் சரிசெய்வேன். முன்பெல்லாம் முகத்தைப் பார்ப்பேன், நிறம் எடுக்கிறதா என்று. இப்போது பிடரியைப் பார்க்கிறேன். முடி முடிந்து கழுத்து தொடங்கும் அந்த இரண்டு விரல் இடத்தில் கறுப்பாக ஏதாவது இருந்தால் என் கை நின்றுவிடும். மச்சம்தான், எப்போதும் மச்சம்தான். "என்னக்கா, விலை ஜாஸ்தியா சொல்லப் போறீங்களா, இப்புடி யோசிக்கிறீங்க?" என்று ஒருத்தி சிரித்தாள். நானும் சிரித்து வைத்தேன்.

என் பிடரியில் ஒரு தழும்பு இருக்கிறது. மிளகு அளவுதான். அதன் மேல் ஏதோ ஊர்கிறது என்று ஒரு நாளில் பலமுறை எனக்குத் தோன்றும். நானும் உம்மாவும் இருக்கும் பிடோக்கில் ரயில் ஏறும்போது தோன்றும், தொழுகையில் குனியும்போது தோன்றும். கையை முக்காட்டுக்குள் விட்டுத் தடவிப் பார்ப்பேன். ஒன்றும் இருக்காது. இல்லை என்பது தெரிந்தும் கை போகும். அந்த ஊர்தல் உண்ணியின் கால்கள் இல்லை, லாத்தாவின் விரல்கள் என்று ஒரு நாள் ரயிலில் திடீரென்று பட்டது. அப்புறம் அந்த இடத்தைச் சொறிவதைக்கூட விட்டுவிட்டேன்.

நாங்கள் இருவரும் பாறை ஏறுகிறவர்கள். தூடோங் கட்டிய இரண்டு பெண்கள், இருவருக்கும் நாற்பதைத் தாண்டிய வயது, இடுப்பில் பாதுகாப்பு வாரும் கயிறும். பார்க்கிறவர்கள் ஒருமுறை திரும்பிப் பார்ப்பார்கள். லாத்தாவுக்கு அது பிடிக்கும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் உடற்பயிற்சிக் கூடத்தில் இருந்த செயற்கைச் சுவரில் பழகினோம். கல்யாணமாகி அவள் புக்கிட் பாஞ்சாங்குக்குப் போன பிறகு, அவள் வீட்டிலிருந்து கொஞ்ச தூரத்தில் இருக்கும் பழைய கல்லுடைத்த குழிப் பாறைதான் எங்கள் ஞாயிற்றுக்கிழமை. நான் பிடோக்கிலிருந்து தீவின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குக் கயிற்றைத் தூக்கிக்கொண்டு போவேன். உம்மா வாசல்வரை வந்து, "குரங்குக்குப் பொறந்ததுங்களா நீங்க ரெண்டு பேரும்?" என்று கேட்பார். "அத நீங்கதான் சொல்லணும் உம்மா" என்று சொல்லிவிட்டு லிஃப்டுக்கு ஓடுவேன்.

இந்த ஊரில் பாறை ஒரு கைப்பிடி. பெரிய பாறை வேண்டும் என்றால் விமானம் ஏற வேண்டும். லாத்தா சாங்கி விமான நிலையத்தில் சரக்கு விமானப் பிரிவில் வேலை பார்த்தாள். எந்தப் பருவத்தில் எந்த ஊருக்கு டிக்கெட் மலிவு என்பது அவளுக்கு விரல் நுனியில். வருடத்துக்கு ஒரு பயணம். மகளை மச்சான் பார்த்துக்கொள்வார், சமைப்பார், பள்ளிக்கு அனுப்புவார். "மலையேறப் போனாலும் மச்சான் தயவு வேணும்னு சும்மாவா சொன்னாங்க" என்று உம்மா ஒவ்வொரு முறையும் சொல்வார். பழமொழி எங்கள் வீட்டுக்கென்றே செய்தது மாதிரி இருப்பதில் அவருக்கு ஒரு பெருமை.

கடைசிப் பயணம் ஜப்பானின் மேற்குப் பக்கம், ஓர் ஆற்றங்கரைச் சுண்ணாம்புப் பாறைக்கு. வசந்த காலம். சிங்கப்பூர்க்காரர்களுக்கு வசந்தம் என்றால் போட்டோ. பூ, அதன் கீழே குடும்பம், கையில் ஐஸ்கிரீம். எங்களுக்குத் தெரிந்த பருவமே இரண்டுதான், மழையும் ஏர்கானும். வசந்தத்துக்கு இன்னொரு முகம் இருப்பதைப் பாறை ஏறுகிறவர்கள்தான் கண்டுகொள்வார்கள். குளிர்காலத்தில் குடித்த தண்ணீரைப் பாறை வாரக்கணக்கில் வெளியே விடாது. வெயில் பட்டு மேலே வெள்ளையாகக் காய்ந்து தெரியும். நம்பி ஏறி, தலைக்கு மேல் இருக்கும் பொந்துக்குள் விரலை விட்டால் உள்ளே சேறு. காலையில் விரல் மரத்துப்போகும் குளிர், ஆனால் பிடி நன்றாக ஒட்டும். மதியம் கதகதப்பு வந்ததும் எங்கிருந்தோ ஈரம் கசிந்து வழியத் தொடங்கும். லாத்தா தினமும் காலையில் ஜன்னலைத் திறந்து முதலில் கேட்பது ஒன்றுதான். "பாறை காஞ்சிருக்குமா?"

இன்னொன்றும் உண்டு. குளிரில் தூங்கியதெல்லாம் வசந்தத்தில் பசியோடு எழுந்திருக்கும். ஆற்றிலிருந்து பாறைக்குப் போகும் ஒற்றையடிப் பாதை இடுப்பளவு மூங்கில் புல்லுக்குள் போயிற்று. காட்டுப்பன்றியும் மானும் நடக்கும் வழி அது. புல் நுனியில் உண்ணி முன்னங்கால்களை நீட்டிக்கொண்டு காத்திருக்கும், உரசிப்போகும் எதையும் பிடித்துக்கொள்ளும் என்று தங்கியிருந்த வீட்டுக்காரப் பெண்மணி கையைத் தூக்கி நடித்துக் காட்டினார். அவருக்கு எங்கள் மொழி தெரியாது, எங்களுக்கு அவர் மொழி தெரியாது, ஆனாலும் அந்த நடிப்பு நன்றாகப் புரிந்தது. லாத்தா சிரித்து உருண்டாள். நான் பயந்தாங்கொள்ளி. கடையிலிருந்து வெளிர் நிறத் தூடோங்காகவே கொண்டுபோயிருந்தேன், உண்ணி ஏறினால் கண்ணுக்குத் தெரியட்டும் என்று. காற்சட்டையைக் காலுறைக்குள் செருகினோம். மருந்து அடித்துக்கொண்டோம். துணியில் நூல் எடுக்கும் ஒட்டு உருளையால் ஒருவரை ஒருவர் உருட்டிவிட்டோம். "நீ ஒரு ஆளு போதும்டி, பேனப் பெருமாளாக்கிடுவே" என்றாள் லாத்தா.

மாலையில் அறைக்கு வந்ததும் உண்ணி பார்ப்போம். அவள் நாற்காலியில் உட்காருவாள், நான் அவள் முழங்கால்களுக்கு நடுவே தரையில். பிறகு இடம் மாற்றிக்கொள்வோம். காதுக்குப் பின்னால் தொடங்கி, பிடரி, அக்குள், உள்ளாடை அழுத்தும் கோடு, இடுப்பு, முழங்காலின் பின்மடிப்பு. தனக்குத் தானே பார்க்க முடியாத இடங்களையே உண்ணி தேடிப் போகும். அதனால் இன்னொருவருடைய கண்ணும் விரலும் வேண்டும். எங்களுக்கு இதில் புதிதாகக் கற்க ஒன்றுமில்லை. சின்ன வயதில் பிடோக் வீட்டில் வெள்ளிக்கிழமைதோறும் உம்மா இதே மாதிரிதான் எங்களை உட்காரவைத்துப் பேன் பார்ப்பார். எங்களுக்குப் பார்த்து முடித்த பிறகு எங்களையும் ஒருத்திக்கு ஒருத்தி பார்க்க வைப்பார். பேனைப் பிடித்தால் ஒரு கட்டைவிரல் நகத்தில் வைத்து இன்னொரு நகத்தால் அழுத்த வேண்டும். 'டப்' என்று சத்தம் வரவேண்டும். சத்தம் வந்தால்தான் கணக்கு. "உயிரோட விட்டா திரும்பி வரும்" என்பது உம்மாவின் சட்டம். லாத்தாவின் நகத்தில் சத்தம் எப்போதும் கணீரென்று வரும். என்னுடையது நமுத்துப்போகும், அவள் என்னைக் கேலி செய்வாள்.

அன்றைக்கு நாங்கள் ஏறிய பாறை கத்தி மாதிரி இருந்தது. பக்கவாட்டில் கட்டைவிரலால் அழுத்தி ஏறவேண்டிய பிடிகள். லாத்தாவின் இரண்டு கட்டைவிரல்களிலும் நக ஓரத்தில் தோல் கிழிந்து ரத்தம் வந்துவிட்டது. டேப் சுற்றிக்கொண்டு ஏறினாள். மேலே போய்த் தொட்டுவிட்டு, கயிற்றில் தொங்கியபடி இரண்டு கட்டைவிரலையும் எனக்கு உயர்த்திக் காட்டினாள். கீழே கயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்த என்னால் கை தட்ட முடியவில்லை. வாயாலேயே விசிலடித்தேன்.

மாலை அறையில் நான் தரையில் உட்கார்ந்தேன். அவள் டேப்பைப் பிய்த்துப் போட்டாள். டேப் ஒட்டிய விரலுக்கு முடிக்குள் ஒன்றும் தட்டுப்படாது, வெறும் விரல்தான் சரி. காதுக்குப் பின்னால் முடித்து, பிடரிக்கு வந்ததும் விரல்கள் நின்றன.

"அசையாத."

"என்ன லாத்தா?"

"அசையாதன்னு சொன்னேன்ல. ஒண்ணு இருக்கு. நல்லா குடிச்சிருக்கு லா. கொழுத்துப் போய் கெடக்கு."

"ட்வீசர் கீழ பைல இருக்கு, எடுத்துட்டு வரேன்" என்றேன்.

"நீ எந்திரிச்சா அது உள்ள போயிடும். சும்மா இருடி."

இரண்டு நகங்கள் என் தோலைக் கிள்ளின. சுருக்கென்று ஒரு வலி. பிறகு எனக்குப் பின்னால், காதுக்கு மிக அருகில், அந்தச் சத்தம். டப். பிடோக் வீட்டில் கேட்ட அதே சத்தம், கொஞ்சம் கனமாக. திரும்பிப் பார்த்தேன். அவள் கட்டைவிரல் நகங்களில் என் ரத்தம் வழிந்திருந்தது. காகிதத்தில் துடைத்துவிட்டு, "தலைக்கு வந்தது தலைப்பாகையோட போச்சு" என்றாள். அவள் குரலும், தலைப்பாகைக்கு என் தூடோங்கைச் சுட்டிக் காட்டிய விதமும் எனக்கு அப்படியே நினைவில் இருக்கின்றன. நாங்கள் வெகுநேரம் சிரித்தோம். அப்புறம் அவள் போய்க் கை கழுவினாள்.

ஊர் திரும்பியதும் பிடோக்கில் எல்லோரும் சேர்ந்து சாப்பிட்டோம். லாத்தா கதை சொல்வதில் கெட்டிக்காரி. உண்ணி அவள் வாயில் திராட்சை அளவுக்கு வளர்ந்துவிட்டது. "உங்க சின்ன மவ நடுங்கிட்டா உம்மா. நான் பேன் குத்துற மாதிரி ஒரே குத்து" என்று இரண்டு கட்டைவிரலையும் சேர்த்துக் காட்டினாள். உம்மா சோற்றுக் கையோடு சிரித்தார். "என் கை உனக்குத்தாண்டி வந்திருக்கு" என்றார்.

அடுத்த வாரம் அவளுக்குக் காய்ச்சல். சிங்கப்பூரில் காய்ச்சல் என்றால் கொசு. அவள் குடியிருந்த அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே டெங்கி எச்சரிக்கைப் பதாகை ஏற்கெனவே தொங்கிக்கொண்டிருந்தது. கிளினிக்கில் ரத்தத்தைப் பார்த்துவிட்டு, தட்டணுக்கள் குறைந்திருக்கின்றன, டெங்கியாகத்தான் இருக்கும் என்று மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். அங்கே டெங்கி இல்லை என்று வந்தது. மறுபடி பார்த்தார்கள், மறுபடியும் இல்லை. அவளுக்கு வாந்தி நிற்கவில்லை. நான்தான் மருத்துவரிடம் உண்ணியைச் சொன்னேன். அவர் உடனே நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"எங்கே கடித்தது?" என்று முதன்முதலில் கேட்டவர் அவர்தான்.

"அவளை இல்லை டாக்டர், என்னை" என்றேன். அவர் என் பிடரியைப் பார்த்தார், எனக்குக் காய்ச்சல் இருக்கிறதா என்றார். இல்லை. நான் கல்லுக்குண்டு மாதிரி இருந்தேன். அப்படியென்றால் உங்கள் அக்காவை வேறொன்று கடித்திருக்க வேண்டும், தழும்போ கறுத்த புள்ளியோ இருக்கும், தேடிப் பார்க்கலாம் என்றார். தாதியர் தேடினார்கள். அவர்கள் போன பிறகு நான் தேடினேன். கைப்பேசி வெளிச்சத்தைப் பிடித்துக்கொண்டு, காதுக்குப் பின்னால் தொடங்கி, எங்கள் வரிசையில். அவள் உடம்பு அடுப்பாகக் கொதித்தது. எங்கள் நிறத்தில் சிவப்பு வட்டம் எதுவும் படத்தில் காட்டுகிற மாதிரி தெரியாது என்பதும் அப்போதுதான் எனக்கு உறைத்தது. அதனால் கண்ணை நம்பாமல் விரலால் தடவிக்கொண்டே போனேன்.

அவள் கண்ணைத் திறந்தாள். "உண்ணி பாக்குறியா?" என்றாள். "ஆமா லாத்தா." "பாத்துட்டு எறங்கு. நான் பாக்குறேன் உனக்கு." எங்கே இருப்பதாக நினைத்துக்கொண்டாளோ தெரியவில்லை. கட்டிலில் எழுந்து உட்காரப் பார்த்தாள், என் தலையை இழுக்கக் கையை நீட்டினாள், கையில் ஊசிக் குழாய். நான் தலையைக் குனிந்து கொடுத்தேன். அவள் விரல்கள் என் முக்காட்டின் மேல் சற்று நேரம் கிடந்தன.

அதற்குப் பிறகு அவள் என்னிடம் பேசியது ஒரே ஒரு முறை. "பாறை காஞ்சிருச்சா?" என்று கேட்டாள்.

"காஞ்சிருச்சு" என்றேன். அவள் தலையாட்டினாள். அந்த வாரமே மவுத்தானாள்.

எங்களில் பெண் மையத்தை, அதாவது இறந்த உடலை, பெண்கள்தான் குளிப்பாட்ட வேண்டும், நெருங்கிய சொந்தம் என்றால் இன்னும் நல்லது. எங்களுக்குக் கையுறையும் மேலங்கியும் கொடுத்தார்கள். குளிப்பாட்டிப் பழகிய ஒரு பெண்மணி தண்ணீர் ஊற்றி, எப்படிச் செய்வது என்று மெல்லிய குரலில் சொல்லிக்கொண்டிருந்தார். வலப்பக்கம் உம்மா, இடப்பக்கம் நான். துணி மூடியிருக்க, அதற்குள் கையை விட்டுத்தான் கழுவ வேண்டும். எப்போது தொடங்கினேன் என்று எனக்கே தெரியாது. காதுக்குப் பின்னால், பிடரி, அக்குள், இடுப்பு, முழங்கால் மடிப்பு. அந்தப் பெண்மணி என்னைப் பார்த்தார், ஏதோ சொல்ல வந்து நிறுத்திக்கொண்டார். எனக்குத் தெரிய வேண்டியிருந்தது. என்னால் பார்க்க முடியாமல் போன ஓர் இடத்தில் அது உட்கார்ந்திருந்திருக்கிறது என்றால், அந்த இடத்தை ஒருமுறையாவது தொட்டுவிட வேண்டும் என்று இருந்தது. ஒன்றும் இல்லை. முழு உடம்பிலும் ஒரு சின்ன முடிச்சுகூட இல்லை. அவளை எதுவுமே கடித்திருக்கவில்லை.

பிறகு நகங்களைச் சுத்தம் செய்யச் சொன்னார்கள். உம்மா ஈரப் பஞ்சால் வலது கையை ஒவ்வொரு விரலாகத் துடைத்துக்கொண்டு வந்தார். கட்டைவிரலுக்கு வந்தபோது நான் பார்த்தேன். நக ஓரத்தில் பாறை கிழித்த அந்தக் காயம் ஆறாமல், கறுத்து, வாயைத் திறந்துகொண்டு இருந்தது. என் கையிலிருந்த இடது கட்டைவிரலைத் திருப்பினேன். அதிலும் அப்படியே. எனக்கு அந்தச் சத்தம் கேட்டது. அறை முழுக்கத் தண்ணீர்ச் சத்தம், அதற்கு நடுவில் காதுக்கு அருகில், டப்.

உண்ணி என்னைக் கடித்தது. அதை நகத்தில் நசுக்கியதால் அதன் வயிற்றில் இருந்தது அவள் காயத்துக்குள் போனது. பின்னால், உண்ணி பரப்பும் ஒரு வைரஸ்தான் என்று பரிசோதனை முடிவுகள் வந்தபோது மருத்துவரிடம் இதைச் சொன்னேன். அப்படி நடக்கக்கூடியதுதான், அதனால்தான் உண்ணியை வெறுங்கையால் நசுக்கக் கூடாது என்பார்கள் என்றார். என் ரத்தத்தையும் பார்த்தார்கள். எனக்குள்ளும் அது வந்து போன தடம் இருந்தது. என் உடம்பு அதைத் துரத்திவிட்டிருக்கிறது, ஏன் என்று அவருக்கும் சொல்லத் தெரியவில்லை. முன்பே தெரிந்திருந்தால் காப்பாற்றியிருக்க முடியுமா என்று கேட்டேன். இந்தக் கிருமிக்கென்று அவர்கள் கையில் பெரிதாக மருந்து எதுவும் இருந்திருக்காது என்றார். அவர் நல்ல மனிதர், அதைச் சொல்லும்போது என் கண்ணைப் பார்த்துச் சொன்னார்.

மச்சானிடம் சொன்னேன். உம்மாவிடம் சொல்லவில்லை. மச்சானிடமும், உம்மாவிடம் சொல்லிவிடாதீர்கள் என்று கேட்டுக்கொண்டேன். எப்படிச் சொல்வது? உங்கள் மகளைக் கொன்றது நீங்கள் வெள்ளிக்கிழமைதோறும் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்த பழக்கம் என்றா? பிள்ளையைப் பறிகொடுத்தவரிடம் இதையும் கொடுப்பதற்கு எனக்கு மனசு கல்லாகவில்லை. அவர் மீதமிருக்கும் காலம் கொசுவையோ உண்ணியையோ அல்லாஹ்வின் நாட்டத்தையோ நினைத்து அழட்டும், தன் கையைப் பார்த்து அழக் கூடாது. அதனால் யாராவது வீட்டுக்கு வந்து "எங்க கடிச்சது?" என்று தொடங்கினால் நான் முந்திக்கொண்டு, "காதுக்குப் பின்னால" என்பேன். உம்மா அப்போதெல்லாம் எழுந்து சமையலறைக்குப் போய்விடுவார். கோப்பி கலக்கப் போகிறார் என்று நினைப்பேன்.

வீட்டின் முகமே மாறிவிட்டது. உம்மா முன்போல வாயாடுவதில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் நான் இப்போதும் அந்தக் குழிப் பாறைக்குப் போகிறேன். எனக்குக் கயிறு பிடிக்கச் சில இளம் பெண்கள் இருக்கிறார்கள், கெட்டிக்காரிகள். இறங்கியதும் அவர்களைத் திருப்பி நிறுத்திப் பிடரியைப் பார்க்காமல் அனுப்பமாட்டேன். "இங்க என்ன இருக்கு லா, கொசுதானே" என்பார்கள். பைத்தியம் என்று தங்களுக்குள் பேசிக்கொள்வதும் எனக்குத் தெரியும். என் தலையை மட்டும் யாரையும் தொட விடுவதில்லை. முடிகூட நானே வெட்டிக்கொள்கிறேன், கோணலாக. முக்காடு இருக்கும்போது கோணல் யாருக்குத் தெரியப்போகிறது.

போன மாதம் லாத்தாவின் மகள் வார இறுதிக்கு வந்து எங்களோடு தங்கினாள். என் தலையணையில்தான் படுத்தாள். அவள் போன பிறகு மச்சான் போன் செய்து, பள்ளிக்கூடத்தில் பேன் பரவியிருக்கிறது, பிள்ளைக்கு மருந்து ஷாம்பு போட்டிருக்கிறேன், நீங்களும் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். அதற்குள் என் பிடரியில் ஊர்தல் தொடங்கியிருந்தது. வழக்கமான ஊர்தல்தான் என்று நான் விட்டுவிட்டேன். கூடத்தில் உட்கார்ந்து புதுச் சரக்குக்கு விலைச்சீட்டு ஒட்டிக்கொண்டே சொறிந்துகொண்டிருந்திருக்கிறேன்.

"இங்க வா" என்றார் உம்மா. அவர் ஜன்னல் ஓரத்து நாற்காலியில் இருந்தார். மதிய வெளிச்சம் நன்றாக இருந்தது.

"ஒண்ணுமில்ல உம்மா. ஷாம்பு போட்டுக்கறேன்."

"வந்து உக்காருங்கறேன்."

அந்தக் குரலை ரொம்ப நாளாக நான் கேட்கவில்லை. போய் அவர் முழங்கால்களுக்கு நடுவே தரையில் உட்கார்ந்தேன். அவர் என் முடியை அவிழ்த்தார். கோணலாக வெட்டியதைப் பார்த்து உச்சுக்கொட்டினார். விரல்கள் காதுக்குப் பின்னால் தொடங்கின. அது லாத்தாவின் விரல், அதே அழுத்தம், அதே வேகம். இத்தனை நாள் என் பிடரியில் ஊர்ந்துகொண்டிருந்ததே இதுதான். விரல்கள் தழும்புக்கு வந்து, அதைத் தாண்டாமல் சுற்றிக்கொண்டு போயின. ஓர் இடத்தில் நின்றன.

ஒரு பேனை எடுத்துவிட்டார். எனக்குத் தெரிந்தது. கண்ணை இறுக மூடிக்கொண்டேன். இதோ இப்போது வரும் அந்தச் சத்தம். எழுந்து ஓடிவிடலாமா என்று கால் துடித்தது. ஓடினால் ஏன் என்று கேட்பார், கேட்டால் நான் சொல்லிவிடுவேன். பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தேன்.

சத்தம் வரவில்லை.

நாற்காலி கிறீச்சிட்டது. உம்மா என் தோளைப் பிடித்து ஊன்றி எழுந்தார். முழங்கால் வலியோடு சமையலறைக்கு நடந்துபோனார். குழாய்த் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. திரும்பி வரும்போது ஒரு கிண்ணத்தில் பாத்திரம் கழுவும் சோப்புத் தண்ணீர், அதில் ஒரு பேன் மிதந்துகொண்டிருந்தது. கிண்ணத்தை ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டு உட்கார்ந்து, மறுபடியும் என் முடிக்குள் விரலை விட்டார். அடுத்ததும் கிண்ணத்துக்குத்தான் போனது.

"ஏன் உம்மா, நகத்துல குத்தலையா?"

விரல்கள் நின்றன. கீழே மைதானத்தில் யாரோ பந்து தட்டிக்கொண்டிருந்தார்கள்.

"அவ கைய நான்தானே கழுவுனேன்" என்றார் உம்மா. "சோறு திங்குறப்ப வெரலச் சேத்துக் காட்டுனாளே, அப்பவே பாத்தேன் அந்தக் கிழிசல. மருந்து போடுன்னு சொல்லல. சிரிச்சுக்கிட்டு இருந்துட்டேன்." என் முடியை ஒதுக்கிவிட்டு, "நான் சொல்லிக் குடுத்ததுதானே" என்றார்.

நான் திரும்ப முயன்றேன். அவர் விடவில்லை. என் தலையை இரண்டு கைகளாலும் முன்னுக்குத் தள்ளிப் பிடித்துக்கொண்டார். அவருக்குத் தெரியாமல் நான் மறைத்து வைத்திருந்ததை எனக்குத் தெரியாமல் அவர் மறைத்து வைத்திருந்திருக்கிறார், ஒரே வீட்டில், ஒரே சாப்பாட்டு மேசையில். நான் அழுதேன். அவர் கட்டைவிரல் என் பிடரிக்கு வந்து, அந்தத் தழும்பின் மேல் அமர்ந்து, வெகுநேரம் அங்கேயே இருந்தது.

"குனி" என்றார் பிறகு. "இன்னும் இருக்கு."